இரண்டே பேருக்கு ஒரு டிராஃப்ட் பெட்டி: அட்டைகளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் வழிமுறை

மேஜிக்: த கேதரிங் என்ற அட்டை விளையாட்டை ஆடத் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறீர்கள், எட்டுப் பேரைக் கூட்டி டிராஃப்ட் (அட்டைகளை மாறிமாறித் தேர்ந்தெடுத்து, அவற்றால் அங்கேயே டெக் என்ற ஆட்டக் கட்டை அமைத்து மோதும் முறை) நடத்த ஊரில் வழியில்லை, ஒருமுறை வாங்கி வைத்தால் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப டிராஃப்ட் செய்யக்கூடிய ஓர் அட்டைத் தொகுப்பு, அதாவது ஆட்டக்காரர்கள் கியூப் என்று சொல்வது, உங்களுக்கு வேண்டும். இந்தக் கட்டுரை அப்படிப்பட்டவர்களுக்காக எழுதப்பட்டது. நானும் என் தங்கையும் இதைச் செய்து முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. சரியான வரிசையில் செய்திருந்தால் இரண்டு மாதம் போதும்.

நாங்கள் செய்த முதல் தவறு, 15 அட்டை கொண்ட, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பழைய டிராஃப்ட் பூஸ்டர் பொட்டலங்கள் 36 அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கியது. ஒரு டிராஃப்டுக்கு ஆறு பூஸ்டர் என்று கணக்கிட்டால் ஆறு மாலைகளில் பெட்டி காலி. மிஞ்சியதையெல்லாம் கலைத்து மறுபடி ஆடலாம் என்று பார்த்தால், சில காமன் அட்டைகள், அதாவது அதிகம் அச்சாகும் சாதாரண அட்டைகள், ஆறேழு படிகள் இருந்தன, வேண்டியவை ஒன்றுகூட இல்லை. இரண்டாவது தவறு, பெரிய குழுக்களுக்காக ஒருவர் தயாரித்த 540 அட்டைப் பட்டியலைப் பார்த்து அப்படியே வாங்கத் தொடங்கியது. அது ஏன் தவறு என்பது இரண்டாம் படியில் வருகிறது.

1. அட்டைக்கு முன்னால் டிராஃப்ட் முறையை முடிவு செய்யுங்கள்

பூஸ்டரைப் பிரித்து ஒன்றெடுத்து அடுத்தவரிடம் தள்ளும் வழக்கமான முறை இரண்டு பேருக்குச் சரிப்படாது. நீங்கள் விட்ட அட்டைகள் அடுத்த நிமிடமே உங்களிடம் திரும்பிவிடும். மறைவு என்பதே இருக்காது. இரண்டு பேருக்கென்று உள்ள முறைகளில் மூன்றை நாங்கள் பலமுறை ஆடிப் பார்த்தோம்.

வின்ஸ்டன் முறையில் 90 அட்டைகளைக் கலைத்து ஒரே கட்டாகக் கவிழ்த்து வைத்து, அதிலிருந்து மூன்று அட்டைகளை மூன்று குவியல்களாக, அவற்றையும் கவிழ்த்தே வைப்பீர்கள். உங்கள் முறை வரும்போது முதல் குவியலை எடுத்துப் பார்க்கிறீர்கள். வேண்டுமானால் முழுக் குவியலையும் எடுத்துக்கொள்ளலாம்; அந்த இடத்தில் கட்டிலிருந்து புதிதாக ஓர் அட்டை வரும். வேண்டாமென்றால் அதன்மேல் கட்டிலிருந்து ஓர் அட்டையைப் பார்க்காமல் வைத்துவிட்டு அடுத்த குவியலுக்குப் போகிறீர்கள். மூன்றையும் விட்டால் கட்டின் மேலட்டை உங்களுடையது. வேண்டாமென்று விட்ட குவியல் வளர்ந்துகொண்டே போவதால், எதிராளி அதை எடுக்கும் நேரத்தில் அதில் என்ன சேர்ந்திருக்கும் என்ற பதற்றம் கடைசிவரை நீடிக்கும். இந்த முறையை வகுத்தவர் மேஜிக்கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டுதான்.

கிரிட் முறையில் ஒன்பது அட்டைகளை மூன்றுக்கு மூன்றாகத் திறந்து பரப்ப வேண்டும். முதலாமவர் ஒரு வரிசையையோ ஒரு நிரலையோ எடுப்பார், மிச்சத்திலிருந்து இரண்டாமவர் இன்னொரு வரிசையையோ நிரலையோ எடுப்பார், எஞ்சியவை கழிவு. மாறிமாறி 18 முறை பரப்பினால் 162 அட்டைகள் செலவாகி, ஒவ்வொருவருக்கும் 45 முதல் 54 வரை கிடைக்கும். எல்லாமே திறந்து கிடப்பதால் புதியவருக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட எளிய முறை இல்லை.

மூன்றாவது கிளிம்ப்ஸ். ஆளுக்கு 15 அட்டைகள் கொண்ட ஒன்பது கட்டுகள் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் அட்டையை எடுத்து, இரண்டைக் கழித்து, மிச்சத்தை எதிராளியிடம் கொடுக்க வேண்டும். 270 அட்டைகள் தேவை. கைக்கு வருவது 45. மூன்றிலும் இதுதான் அதிகம் சிந்திக்க வைக்கும், அதிக நேரமும் பிடிக்கும்.

எந்த முறையானாலும் ஒன்றை மனத்தில் வையுங்கள். எட்டுப் பேர் ஆடும்போது ஓர் அட்டையை இன்னொருவருக்குக் கிடைக்காமல் தடுப்பதால் பெரிய பலன் இல்லை, ஏனெனில் அந்த ஏழு பேரில் யாருடன் மோதுவீர்கள் என்பது தெரியாது. இரண்டு பேரில் எதிராளி ஒருவர்தான் என்பதால், தடுப்பதும் சேர்ப்பதும் ஏறத்தாழ ஒரே எடைதான். ஆகவே மிகப் பலமான ஓர் அட்டை தொகுப்பில் இருந்தால், அதைச் சுற்றியே முழு டிராஃப்டும் சுழலத் தொடங்கிவிடும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை வின்ஸ்டன். இனி வரும் கணக்குகள் அதை ஒட்டியே உள்ளன.

2. தொகுப்பின் அளவு

540 அட்டைப் பட்டியலில் ஒரு கருப்பொருளுக்கு, எடுத்துக்காட்டாக மயானத்திலிருந்து (செத்த, கழிந்த அட்டைகள் போகும் குவியல்) கிரீச்சர்களை (சண்டையிடும் உயிரின அட்டைகள்) மீட்பதற்கு, 12 அட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் ஆளுக்கு 45 வீதம் 360 அட்டைகளைப் பிரித்தால் அவற்றில் எட்டு வெளியே வரும். யாரோ ஒருவர் அதைச் சேர்த்து டெக் அமைத்துவிடுவார். அதே பட்டியலில் நீங்கள் இரண்டு பேர் 90 அட்டைகளை எடுத்து வின்ஸ்டன் ஆடினால் சராசரியாக இரண்டுதான் வரும். இரண்டை வைத்து எதையும் கட்ட முடியாது. எங்களுக்கு மாலைதோறும் இதுவே நடந்தது. கையில் நல்ல அட்டைகள் இருக்கும், ஒன்றுக்கொன்று உறவு இருக்காது.

180 அட்டைகளே கொண்ட தொகுப்பில் கருப்பொருள்களைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் அதே 12 அட்டைகளை வைத்தால் சராசரியாக ஆறு வரும். அது போதும். ஒவ்வொரு டிராஃப்டிலும் பாதி மட்டுமே வெளிவருவதால், எது பெட்டியில் தங்கிவிட்டது என்பது இருவருக்கும் தெரியாது. திரும்பத் திரும்ப ஆடினாலும் சலிக்காமல் இருப்பதற்கு அந்தப் பாதி மறைவே காரணம். கிரிட் முறைக்கு இதே 180-ஐப் பயன்படுத்தினால் 162 வெளியே வந்துவிடும். பத்து ஆட்டத்துக்குள் எல்லாம் மனப்பாடமாகும். எனவே கிரிட்தான் உங்கள் முதன்மை முறை என்றால் குறைந்தது 270, கிளிம்ப்ஸ் என்றால் 360 என்று வையுங்கள். செலவும் அதே விகிதத்தில் ஏறும்.

3. எந்த வகைத் தொகுப்பு

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, காமன் அட்டைகள் மட்டுமே கொண்ட கியூப். பாப்பர் கியூப் என்பது இதுதான். விலை குறைவு என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஒரே அட்டையால் ஆட்டம் முடிந்துபோவது காமன்களில் அரிது என்பதால், முன்பு சொன்ன அந்தத் தடுப்புச் சிக்கல் இங்கே பெருமளவு குறைகிறது. நாங்கள் கடைசியில் வந்து நின்றது இங்கேதான்.

இரண்டாவது, ஒரே வெளியீட்டை வைத்து அமைக்கும் கியூப். 2018-இல் வந்த டொமினாரியாவை எடுத்துக்கொண்டால் அதில், கிடைப்பது அரிதாகிக்கொண்டே போகும் வரிசையில், 101 காமன்கள், 80 அன்காமன்கள், 53 ரேர்கள், 15 மித்திக்குகள் உண்டு. காமனில் இரண்டு படி, மற்றவற்றில் ஒரு படி என்று வாங்கினால் 350 அட்டைகள் ஆகின்றன. வடிவமைப்பாளர்களே சமன் செய்து வைத்த சூழல் என்பதால் நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ரேர்களும் மித்திக்குகளும் விலையை ஏற்றிவிடும். விலை உயர்ந்தவற்றை மட்டும் விட்டுவிட்டாலும் ஆட்டம் கெடாது.

மூன்றாவது, சொந்தப் பட்டியல். முதல் தொகுப்பிலேயே இதைத் தொடாதீர்கள்.

இதில் எதுவும் வேண்டாம், பிரித்தவுடன் ஆட வேண்டும் என்பவர்களுக்கு ஜம்ப்ஸ்டார்ட் உண்டு. லேண்டும் (மற்ற அட்டைகளைப் போடச் செலவிடும் மனா என்ற ஆற்றலைத் தரும் அட்டை) உட்பட 20 அட்டைகள் கொண்ட இரண்டு பொட்டலங்களைச் சேர்த்துக் கலைத்தால் 40 அட்டை டெக் தயார். 2020-இல் வந்த முதல் வெளியீட்டில் 46 கருப்பொருள்களில் 121 வகைப் பொட்டலங்கள் இருந்தன. பொட்டலங்களைத் தனித்தனியே உறையிட்டு வைத்தால் அதையும் திரும்பத் திரும்ப ஆடலாம். அது டிராஃப்ட் அன்று. ஆனாலும் வேலை முடிந்து களைத்து வரும் நாளில் அது மோசமில்லை.

4. 180 இடங்களை நிரப்புதல்

வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை ஆகிய ஐந்து நிறங்களுக்கும் தலா 27 என்றால் 135. இரு நிற இணைகள் பத்துக்கும் தலா இரண்டு என்றால் 20. நிறமற்றவை 15. இரண்டு நிற மனாவையும் தரும் லேண்ட் அட்டைகள் 10. மொத்தம் 180. ஒரே நிறம் தரும் அடிப்படை லேண்டுகள் இந்தக் கணக்கில் சேரா. அவை தனியாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நிறத்தின் 27-இலும் 15 அல்லது 16 கிரீச்சர்கள் இருக்கட்டும். அவற்றில் பாதியாவது மூன்று மனாவுக்குள் இருக்க வேண்டும். இதைக் கண்டிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. வின்ஸ்டனில் நீங்கள் விரும்பிய அட்டைகளுடன் வேண்டாதவையும் கைக்கு வரும். 45 அட்டைகள் எடுத்தாலும் உங்கள் நிறங்களில் தேறுவது 25 அளவில்தான் இருக்கும். 40 அட்டை டெக்கில் 17 லேண்ட் போக 23 இடங்களை அவற்றால் நிரப்ப வேண்டும். தொகுப்பில் மலிவான கிரீச்சர்கள் குறைந்தால் இருவரும் ஐந்தாவது சுற்றுவரை லேண்ட் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள்.

அட்டையைத் தேர்ந்தெடுக்க நாங்கள் வைத்துக்கொண்ட சோதனை இது: துணை எதுவும் இல்லாமல் தனியாக இதைப் போட்டால் பயனுண்டா, இன்னோர் அட்டையோடு சேர்ந்தால் மேலும் பயனுண்டா? கோர் ஸ்கைஃபிஷர் இரண்டு மனாவுக்குப் பறக்கும் 2/3 கிரீச்சர் (தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 3). களத்துக்கு வரும்போது உங்கள் அட்டை ஒன்றைக் கைக்குத் திரும்ப எடுக்க வேண்டும். தனியாகவே நல்ல அட்டை. களத்துக்கு வந்ததும் இரண்டு அட்டைகளை எடுக்கவைக்கும் மல்டிரிஃப்டரைக் கைக்கு எடுத்து மறுபடி போட்டால் அந்தக் கட்டாயமே லாபமாகிறது. இந்த வகையில் முப்பது நாற்பது அட்டைகள் இருந்தால், கருப்பொருள் என்று தனியே எதையும் திட்டமிடாமலே டெக்குகளுக்கு உருவம் வந்துவிடும்.

இந்தச் சோதனையில் தோற்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு இன்ஃபெக்ட் கிரீச்சர்கள். அவை எதிராளியின் உயிர்ப் புள்ளியைக் குறைக்காமல் விஷக் குறிகளைத் தருகின்றன. பத்துக் குறி சேர்ந்தால் வெற்றி. டெக் முழுக்க அவையாக இருந்தால்தான் பொருளுண்டு. டெக்கில் மூன்று மட்டும் வந்தால், உங்கள் தாக்குதல் இரண்டாகப் பிரிந்து எதுவும் முடியாது. குறிப்பிட்ட இனத்துக்கு மட்டும் பலம் சேர்க்கும் அட்டைகளும், மூன்று நிறம் கேட்கும் அட்டைகளும் இதே வகை. கட்டுக்குள் தேடி அட்டை எடுக்கச் சொல்பவற்றையும் குறைவாக வையுங்கள்; பிளாஸ்டிக் உறையிட்ட கட்டைத் திரும்பத் திரும்பக் கலைப்பதில் நேரம் போகும். எவால்விங் வைல்ட்ஸ் போன்ற லேண்டுகள் மட்டும் இதற்கு விலக்கு.

எதிராளியின் கிரீச்சரை அகற்றும் அட்டைகள் ஒவ்வொரு நிறத்திலும் ஐந்தாறு வேண்டும். பச்சைக்கு இது எளிதில் அமையாது. கிரீச்சர்கள் நேருக்கு நேர் மோதும் வகை அட்டைகளை அங்கே வையுங்கள். கறுப்பில் டூம் பிளேடு போல, கறுப்புக் கிரீச்சரைத் தொடாது என்ற கட்டுப்பாடு உள்ளவற்றை இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள்; இருவருமே கறுப்பு எடுக்கும் மாலையில் அவை வெற்று அட்டைகளாகக் கையில் தங்கிவிடும்.

5. வாங்குவதற்கு முன் காகிதத்தில் ஆடிப் பாருங்கள்

மேஜிக் அட்டையின் அளவு 63 மில்லிமீட்டருக்கு 88. ஒரு ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். 180 அட்டைகளுக்கு 20 தாள்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் ஜெராக்ஸ் கடையில் ஆகும் செலவு ஒரு பூஸ்டரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அச்சிடும்போது தாளுக்கு ஏற்பச் சுருக்கும் அமைப்பை நீக்கி, நூறு சதவீத அளவு என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் முதல் 20 தாள்களும் அளவு குறைந்து வந்து குப்பைக்குப் போயின. துண்டுகளை வெட்டி, வீட்டில் கிடக்கும் பழைய காமன்களின் முன்னால் செருகி உறையிட்டால் போதும். இருவர் சேர்ந்து வெட்டினால் ஒரே மாலையில் முடியும்.

சொந்த உபயோகத்துக்கு, விற்காமல், இப்படிச் சோதனை அட்டைகள் வைத்துக்கொள்வதில் தங்களுக்கு ஆட்சேபமில்லை என்று மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2016-இல் தெளிவுபடுத்தியது. அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் இவை செல்லாது. அசல் போலவே அச்சிட்டு விற்கப்படும் போலி அட்டைகளோ முற்றிலும் வேறு விஷயம். விலை மலிவு என்று அந்தப் பக்கம் போகாதீர்கள்.

குறைந்தது ஆறு டிராஃப்ட் ஆடுங்கள். டிராஃப்ட் அரை மணி, டெக் அமைக்கக் கால் மணி, மூன்று ஆட்டங்கள் ஒரு மணி என்று ஒரு மாலைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். எங்கள் முதல் பட்டியலில் 41 அட்டைகள் இந்தக் கட்டத்திலேயே கழிந்தன. அவற்றை முன்பே வாங்கியிருந்தால் பணம் போயிருக்கும்.

6. வாங்குதல், ஆவணங்கள், காத்திருப்பு

பட்டியலை ஒரு விரிதாளில் எழுதுங்கள்: அட்டையின் பெயர், நிறம், மனா விலை, வகை, எந்த வெளியீடு, எவ்வளவு வரை கொடுக்கலாம், வாங்கியாயிற்றா. கியூப் கோப்ரா என்ற இலவச இணையதளத்தில் பட்டியலை ஏற்றினால் நிறம், மனா விலை வாரியாக அது பிரித்துக் காட்டும்.

பலமுறை மறுபதிப்பான காமன்கள் பெரும்பாலும் கால் டாலருக்குள் கிடைக்கும். லைட்னிங் போல்ட் போல எல்லோரும் தேடும் சில காமன்கள் மட்டும் கூடுதல் விலைக்குப் போகும். எங்கள் 180-க்கும் சேர்த்து ஐம்பது டாலருக்குச் சற்று மேல் ஆனது. ஆனால் அட்டை விலையைவிடத் தபால் செலவுதான் ஆளை விழுங்கும். ஒவ்வோர் அட்டைக்கும் மிகக் குறைந்த விலை எங்கே என்று பார்த்துப் பதினெட்டு விற்பனையாளர்களிடம் பிரித்து வாங்கினால் பதினெட்டு அஞ்சல் கட்டணம். ஒரே விற்பனையாளரிடம் 140 கிடைத்தால் சில காசுகள் அதிகம் கொடுத்தாவது அங்கேயே வாங்குங்கள். கிடைக்காத 40-க்கு அதே வேலையைச் செய்யும் மாற்று அட்டைகளை வையுங்கள். உறையிட்டு ஆடப் போவதால், லேசாகப் பழகிய நிலையிலுள்ள அட்டைகளே போதும். மினுமினுக்கும் ஃபாயில் அட்டைகளைத் தவிருங்கள். அவை வளைந்துகொள்ளும், உறைக்குள்ளிருந்தாலும் கட்டில் எது ஃபாயில் என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் மூன்றைத் தயாராக வையுங்கள்: விற்பனையாளர் தந்த விலைப்பட்டியல், பணம் செலுத்திய சான்று, கூரியர் நிறுவனம் கேட்கும் கேஒய்சி அடையாள ஆவணங்கள். ஆர்டரில் உள்ள பெயரும் முகவரியும் ஆவணத்தில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும். சுங்க வரியோடு கூரியரின் கையாளும் கட்டணமும் சேரும் என்பதால், அட்டை விலைக்கு இணையான ஒரு தொகையை இதற்கென்று ஒதுக்கி வைத்துவிட்டே ஆர்டர் செய்யுங்கள். எங்கள் முதல் பொட்டலத்தில் விற்பனையாளர், உதவுவதாக நினைத்து, 'அன்பளிப்பு, மதிப்பு இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார். அது மூன்று வாரம் சுங்கத்தில் கிடந்தது. விலைப்பட்டியலை இருமுறை அனுப்பிய பிறகே கைக்கு வந்தது. உண்மையான மதிப்பை எழுதச் சொல்லி ஆர்டர் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது ஊருக்கு வருகிறார்கள் என்றால் அவர்களையே கொண்டுவரச் சொல்லலாம்; 180 அட்டைகள் அரைக் கிலோகூட இருக்காது.

7. உறைகள், லேண்டுகள், பெட்டி

அடிப்படை லேண்ட் ஒவ்வொரு நிறத்துக்கும் 16 என்றால் 80. தொகுப்பின் 180-ஐச் சேர்த்து 260 உறைகள் வேண்டும். நூறு கொண்ட பொட்டலங்கள் மூன்று வாங்கினால் 40 மிஞ்சும். கிழியும் உறைகளுக்கு அவை உதவும். மூன்றையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே நிறத்தில் வாங்குங்கள். மூன்றாவது பொட்டலத்தை நான் நான்கு மாதம் கழித்து வாங்கினேன். அதே நிறுவனம், அதே கறுப்பு, ஆனால் வெளிச்சத்தில் பார்த்தால் சாயம் வேறு. பின்புறத்தைப் பார்த்தே எந்த அட்டை என்று சொல்ல முடிகிற கட்டில் வின்ஸ்டன் ஆட முடியாது. 260-க்கும் மறுபடி உறை மாற்றினோம்.

பின்புறம் ஒளி புகாததாக இருக்க வேண்டும். இருபக்கமும் அச்சுள்ள அட்டைகள் தொகுப்பில் இருந்தால் இதில் சமரசமே கூடாது. டோக்கன்களுக்கு (ஆட்டத்தின் நடுவே உருவாகும் கிரீச்சர் முதலியவற்றைக் குறிக்க வைக்கும் அட்டைகள்) உறை தேவையில்லை. எந்த அட்டை எந்த டோக்கனை உருவாக்குகிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

8. மாற்றங்கள்

ஒவ்வொரு டிராஃப்டுக்குப் பின்னும் ஒரு நோட்டில் நான்கே விஷயங்களை எழுதுகிறோம்: தேதி, முறை, இருவர் ஆடிய நிறங்கள், எடுத்தும் டெக்கில் வைக்காத அட்டைகள். நிறம் பொருந்தியும் மூன்று முறை டெக்குக்கு வெளியே நின்ற அட்டையை நீக்குவது எங்கள் வழக்கம். ஒரே நிறம் தொடர்ந்து தோற்றால் அதன் மலிவான கிரீச்சர்களை முதலில் சரிபாருங்கள். எங்களுக்கு நீலம் எட்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றபோது குறை அங்கேதான் இருந்தது.

மாற்றுவதானால் பத்துப் பத்தாக, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாரம் இரண்டு என்று மாற்றினால் தபால் செலவும் கூடும், எந்த மாற்றம் எதைச் சரிசெய்தது என்பதும் தெரியாது. புதியவற்றை வாங்கும் முன் காகிதத் துண்டாகவே நான்கு டிராஃப்டுக்கு ஓடவிடுங்கள். நீக்கியவற்றை விற்றுவிடாமல் தனி டப்பாவில் வைத்திருந்தால் தொகுப்பை 270-ஆக விரிக்கும் நாளில் அவற்றில் பாதி மறுபடி உள்ளே வரும். ஆட்டம் முடிந்து பெட்டியை மூடும்முன் லேண்டுகளை நிறவாரியாகப் பிரித்து எண்ணிவிடுங்கள். பத்து நிமிட வேலை, தோற்றவர் செய்வது என்பது எங்கள் வீட்டு விதி.